பழைய கார் ஷெட்டின் கடைக்காலை வைப்பதா, எடுப்பதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்தாலே, பழைய கார் ஷெட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டித் தரச் சொல்லி நிறைய பேர் கூப்பிடுகிறீர்கள். மாருதி 800-க்காகக் கட்டிய ஷெட்டில் இன்னோவாவை எப்படி நிறுத்துவது? அந்தச் சின்ன வண்டியின் அகலம் 1.44 மீட்டர், இன்னோவா கிரிஸ்டா 1.83 மீட்டர். எட்டடி ஷெட்டில் நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு ஓரடிதான் மிச்சம். கதவைத் திறந்து இறங்க முடியாது.

"கடைக்கால், அதாவது அஸ்திவாரம், அப்படியே இருக்கட்டும், அதன் மேலேயே சுவர் எழுப்புங்களேன்" என்று பலரும் கேட்கிறீர்கள். செலவு மிச்சமாகும் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் குழி தோண்டிப் பார்க்காமல் இதற்கு நாங்கள் பதில் சொல்வதில்லை, விலையும் சொல்வதில்லை. காரணம் நம் மண்.

கேரளத்தின் பெரும்பகுதியில் செம்மண்ணும் வெட்டுகல்லும்தான். நம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் பல இடங்களில் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வீட்டின் பாரமாவது உப்புகிற மண்ணைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கும். லேசான கார் ஷெட்டை அது தூக்கித் தூக்கி இறக்கிவிடும்.

அதனால் முதலில் ஷெட்டின் மூலையில், வெளிப்பக்கமாக, கடைக்காலின் அடி தெரியும் வரை ஒரு குழி எடுப்போம். முழங்கால் ஆழத்திலேயே கருங்கல் முடிந்து, கீழே கரிசல் கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் அந்தக் கடைக்காலை நம்ப முடியாது. கல்லிடுக்குக் காரையை ஆணியால் கீறிப் பார்ப்போம். மாவாக உதிர்ந்தால் பிடிப்பு போய்விட்டது. சுவரில் கல் இணைப்பு வழியே படிப்படியாக ஏறும் விரிசல், சித்திரையில் வாய் பிளந்து ஐப்பசியில் மூடிக்கொள்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்போம். அப்படியென்றால் கடைக்கால் மண்ணோடு சேர்ந்து அசைகிறது. அதைப் பூசி மறைப்பதில் பயனில்லை.

கல் கட்டு உறுதியாக இருந்து, அடி கிராவலிலோ பாறையிலோ உட்கார்ந்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மேலே கம்பி கட்டி, சுற்றிலும் ஒரே பட்டையாக பெல்ட் கான்கிரீட் போட்டு, அதே அளவில் ஷெட்டை எழுப்பலாம். மாடியில் ஓர் அறை போடும் எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள். அப்போது கணக்கே வேறு.

அகலப்படுத்தும்போது மூன்று சுவர் பழைய கடைக்காலிலும் ஒரு சுவர் புதிய கடைக்காலிலும் நிற்பதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. பழையது இறங்க வேண்டியது இறங்கி முடிந்திருக்கும், புதியது இனிமேல்தான் இறங்கும். சேருமிடத்தில் விரிசல் விழும். அங்கே தனித் தூண்கள், தனிக் குழிகள்தான் சரி. கரிசல் ஆழமாகப் போகும் இடத்தில் அடி அகன்ற பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) நல்லது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் இந்த மாதிரி மண்ணுக்காகவே உருவாக்கியது. சாதாரணமாக 3.5 மீட்டர் வரை இறக்க வேண்டும். தோண்டி எடுத்த பழைய கருங்கல் வீணாகாது, புதிய தரைக்கு அடியில் கல் பரப்பும் சோலிங்குக்கு ஆகும்.

எந்த ஷெட்டானாலும் கூரைத் தண்ணீரைச் சுவரடியில் விழவிடாதீர்கள். கூரை ஓரத்தில் தண்ணீர் வடியும் பாத்தி வைத்துத் தள்ளி விடுவது பெரிய செலவில்லை, கடைக்காலுக்கு அதைவிடக் காவல் வேறில்லை.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நீங்களே தட்டி உடைக்க வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்குவோம். அப்புறம், அதே இடம்தானே என்று இருந்துவிடாமல் பஞ்சாயத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

ஜூன் வாக்கில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் கடைக்கால் வேலை முடிய வேண்டும். ஷெட்டைப் பிரிப்பதற்கு முன்பே எங்களைக் கூப்பிடுங்கள். சுவர் நிற்கும்போதுதான் விரிசலைப் பார்க்க முடியும்.

அன்புடன்,
உங்கள் கட்டுமானப் பணியகத்தார்,
கொழிஞ்சாம்பாறை