ரோப் தூக்கும், பாய்வது கால்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெண்கள் வாளேந்திப் பறக்கும் படங்களைப் பற்றிய உங்கள் கட்டுரை, ரோப், அதாவது நடிகரை மேலே தூக்கும் வயர், கட்டினால் யாரும் பறக்கலாம் என்று சொல்லி முடித்துவிட்டது. ரோப் வேலை தெரிந்த எவரும் இதை ஏற்க மாட்டார்கள்.

இயக்குநர் ஆங் லீயின் ‘க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ (2000) படத்தையே பாருங்கள். மிஷெல் யோ பாலே படித்தவர். ஜாங் ஸீயி பெய்ஜிங்கில் நடனம் பயின்றவர். அதில் வில்லியாக வரும் செங் பெய்பெய்யும் நடனம் கற்றவரே. காரணம் இருக்கிறது. ஹார்னஸில், அதாவது உடையின் உள்ளே கட்டும் பெல்ட்டும் பட்டைகளும் சேர்ந்த கவசத்தில், இடுப்பின் இரு பக்கமும் வயர் மாட்டுவார்கள். வயிற்றுத் தசை தளர்ந்தால் தலை முன்னால் கவிழ்ந்துவிடும். நடிகை முழங்காலை மடித்துத் தரையை உந்திய பிறகே வயரை இழுக்க வேண்டும். சற்று முந்தினால் மூட்டையைத் தூக்குவது போலிருக்கும்; பிந்தினால் கீழே வரும் உடம்பை வயர் வெட்டி இழுத்து முதுகைப் பதம்பார்க்கும். பெல்ட் இடுப்பெலும்பில் இறுக உட்காராவிட்டால் விலாவுக்கு ஏறி மூச்சை அடைக்கும். அதிக நேரம் தொங்கவிட்டால் தொடைப் பட்டை அழுத்திக் கால் மரத்துவிடும். மரத்த காலோடு இறங்கினால் முழங்காலுக்கு ஆபத்து.

கணினி அந்தப் படத்தில் வயர்களை அழித்தது, உண்மை. காலுக்கு உந்துவிசையை அது கொடுக்கவில்லை. மிஷெல் யோவுக்குப் படப்பிடிப்பில் முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் மீதியை முடித்தார். அவரும் ஜாங் ஸீயியும் மோதும் முற்றத்துச் சண்டை பெரும்பாலும் தரையிலேயே நடக்கிறது: இரட்டை வாள், ஈட்டி, கொக்கி வாள் என்று ஆயுதம் மாற மாற நிற்கும் நிலையும் அடியெடுப்பும் மாறுகின்றன. அதை எந்த ரோப்பும் செய்து தராது. இயக்குநர் கிங் ஹூவின் பழைய படமான ‘எ டச் ஆஃப் ஸென்’ மூங்கில் காட்டுச் சண்டைக்கு டிராம்போலினும் (குதித்தால் மேலே எறியும் வலை) கச்சிதமான எடிட்டிங்கும் போதுமாயிருந்தன. எங்கள் கண்ணுக்கு இன்றும் அதுதான் மேல்.

மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பரதம் பயிலும் பெண்களுக்கு, முழங்காலை மடித்துப் பாதி அமர்ந்து ஆடும் அரைமண்டியால் தொடை வலு ஏற்கெனவே இருக்கிறது. இங்கே படம் எடுப்பவர்கள் டூப் தேடும்முன் அவர்களை அழைத்து, முதலில் மரவாளும் தரையிறங்கும் பயிற்சியும் கொடுக்கட்டும். ஹார்னஸ் அதற்கப்புறம், அதுவும் படத்தில் போடும் அதே உடையோடு. வயர் வெளிவர உடையின் இடுப்பில் விடும் திறப்பு சிறிதானால் துணி சிக்கி உடம்பு கோணும். டிராக் சூட்டில் மட்டும் ஒத்திகை பார்த்தால் இது படப்பிடிப்பு நாளில்தான் தெரியவரும்.

இப்படிக்கு,
சண்டைப் பயிற்சிக் குழுவினர் சிலர்,
கோரேகாவ், மும்பை.