சித்தியிடம் சுத்தியலைக் கொடுத்துவிடுகிறேன்

விசுவமடு
மாசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். கச்சான் பிடுங்கி முடிந்தது, இந்த முறை விலை பரவாயில்லை. வெள்ளைச்சி கன்று போட்டிருக்கிறாள், நெற்றியில் தாய்க்கு இருப்பது மாதிரியே சுட்டி. தம்பி தண்ணீர்ப் பம்பைத் திருத்துகிறேன் என்று கழற்றிப் பரப்பி வைத்துவிட்டுக் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்விட்டான், நான்தான் பிறகு இருந்து பூட்டினேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவதாகப் போன வருசம் சொன்னாய், இப்போது அதைப் பற்றிக் கதைப்பதே இல்லை. சரி, அது உன் விருப்பம்.

போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். சித்தி வெள்ளிக்கிழமை கனடாவுக்குத் திரும்பிப் போகிறாள். அவளிடம் கொடுத்துவிட்டால் உன் கையில்தான் வந்து சேரும். போனில் நீ மெதுவாகக் கதைக்கிறாய், பாதியில் ‘பிறகு எடுக்கிறேன் அம்மா’ என்று வைத்துவிடுகிறாய். பிறகு எடுப்பதும் இல்லை. இதைத் தனியே இருந்து வாசி.

போன ஞாயிறு ‘வீட்டில் சுத்தியல் இருக்கிறதா’ என்று நான் கேட்டதற்கு, ‘எதற்கு அம்மா, இங்கே ஆளைக் கூப்பிட்டால் வந்து செய்வார்கள்’ என்றாய். ஸ்குரூ டிரைவரும் இல்லையாம், குறடும் இல்லையாம். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் வளர்த்த பிள்ளை, ஒரு ஆணி அடிக்கவும் அடுத்தவர் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டிலா இருக்கிறாள் என்று நினைத்தேன்.

சித்தியிடம் கொடுத்துவிடுவது அந்தச் சின்னச் சுத்தியல். கிணற்றடியில் புதைத்துவைத்த பெட்டிக்குள் இருந்து 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது தோண்டி எடுத்தோமே, பிடி உக்கிப்போய்த் தலை மட்டும் மிச்சமாக, அதுதான். விண்ணாங்குப் பிடி நான் பிறகு போட்டது. பின்பக்கம் ஆணி பிடுங்கும் பிளவு இன்னும் கூராகத்தான் இருக்கிறது. பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன், கைப்பைக்குள் வைத்தால் கட்டுநாயக்காவில் பறித்துவிடுவார்கள்.

இந்தச் சுத்தியலால்தான் தடைக்காலத்தில் ஆணி நிமிர்த்தினோம். 1995இல் வலிகாமத்தை விட்டு வந்து இந்தக் காணியில் கொட்டில் போட்டபோது, வவுனியாவுக்கு இங்கால் சீமெந்து வராது, பற்றரி வராது, இரும்புச் சாமான் வராது. பழைய பலகையில் இருக்கும் ஆணியைப் பிடுங்கி, அம்மியின் ஓரத்தில் கூன் மேலே பார்க்க வைத்து, உருட்டி உருட்டித் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் கூன் மற்றப் பக்கம் போய்விடும். மெதுவாகத் தட்டினால் ஒரு ஆணிக்குப் பத்துத் தட்டு. அப்படி நிமிர்த்திய ஆணியில்தான் அந்த வீட்டின் முதல் கதவு நின்றது. நீ பிறந்தது அந்த வீட்டில்.

மற்றதெல்லாம் அங்கேயே வாங்கு. நூறு சாமான் ஒரே பெட்டிக்குள் என்று மலிவாக விற்பார்கள், அதை வாங்காதே. அந்த இரும்பு மெதுமையாக இருக்கும், இரண்டு தடவை இறுக்கினால் முனை மழுங்கிவிடும், பிறகு திருகாணியின் தலையையும் தின்றுவிடும். ஏழெட்டுச் சாமான் போதும், நல்லதாக வாங்கு. றப்பர் பிடி போட்ட குறடு ஒன்று. வாயைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் ஸ்பானர் ஒன்று, எட்டு அங்குலம் போதும். ஐந்து மீற்றர் டேப். பல்லு நெருக்கமான சின்ன வாள். ஒரு அரம், ஒரு அரை அங்குல உளி. டெஸ்டர். நல்ல ரோச் ஒன்று, அதைப் படுக்கைக்குப் பக்கத்தில் வை.

ஸ்குரூ டிரைவர் வாங்கும்போது கவனம். எங்களுக்குக் கோடும் சிலுவையும் போதும். உங்கள் ஊரில் நிறையத் திருகாணிக்குத் தலையில் சதுரக் குழி. சித்தப்பா கட்டட வேலைக்குப் போன காலத்தில் கொண்டுவந்து தந்த டிரைவர் இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது. ரொபேட்சன் என்ற கனடாக்காரர் 1908இல் கண்டுபிடித்தது என்று அவர்தான் சொன்னார். பச்சை, சிவப்பு, கறுப்பு என்று பிடியின் நிறத்தில் அளவு தெரியும். சிவப்புத்தான் அதிகம் தேவைப்படும். அதன் நல்ல குணம் என்னவென்றால், திருகாணி முனையிலேயே இறுகி நிற்கும், ஒரு கையால் வேலை செய்யலாம். பக்கத்தில் பிடித்துத்தர ஆள் வேண்டாம்.

மின்சாரத்தில் கைவைக்க முன் பிறேக்கரை நிறுத்து, பிறகு டெஸ்டரை வைத்துப் பார். எங்களுக்கு 230 வோல்ட், உங்களுக்கு 120தான் என்று அலட்சியம் வேண்டாம், அதுவும் ஆளைக் கொல்லும். தண்ணீர் வீட்டுக்குள் வரும் பெரிய பைப்பை எங்கே பூட்டுவது என்று இன்றைக்கே தேடிப் பார்த்து வை. பைப் கழன்ற பிறகு தேடினால் கால் நனைந்துவிடும். மரைக்கு வெள்ளை நாடா சுற்றும்போது, இறுக்குகிற திசையிலேயே சுற்று. இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தேன், உன்னைப் படி என்று உள்ளே அனுப்பினேன். படித்தாய், அந்தப் பனிக்குள் தனியே பஸ் ஏறி ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வருகிறாய். சந்தியில் யாரைக் கண்டாலும் அதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. ஆனால் டெஸ்டர் வாங்கு.

இனிக் கதவு. அன்றைக்கு நீ போனைச் சாத்தி வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாய். பின்னால் உங்கள் அறைக் கதவு தெரிந்தது. நிலையில் பூட்டின் நாக்குப் போய் விழும் தகடு ஒரே ஒரு திருகாணியில் தொங்கியது. அதற்கு மேலும் கீழும் பலகை ஒரு முழத்துக்கு வெடித்து, உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. பழைய வெடிப்பு என்றால் ஊத்தை ஏறிக் கறுத்திருக்கும். நீ கோப்பையோடு திரும்பி வந்து, நான் ஒன்றும் கேட்க முன்னமே, ‘காற்றுக்கு அடித்துச் சாத்திக்கொண்டது அம்மா’ என்றாய். அதற்குப் பிறகுதான் நான் சுத்தியலைப் பற்றிக் கேட்டேன்.

அதைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. வெடிப்பைக் கத்தி நுனியால் மெல்லத் திறந்து மரப்பசை விட்டு, இரண்டு மெல்லிய ஆணி அடித்து ஒரு நாள் காயவிடு. திருகாணி பிய்த்துக்கொண்டு வந்த ஓட்டைக்குள் நெருப்புக்குச்சிகளைப் பசையில் தோய்த்து இறுக்கிச் செருகு, காய்ந்ததும் மட்டமாக வெட்டு. பழைய திருகாணி முக்கால் அங்குலம்தான் இருக்கும், அதைத் திரும்பப் போடாதே. மூன்று அங்குலம் போட்டால் நிலையைத் தாண்டிச் சுவருக்குள் நிற்கும் மரத்தைப் போய்ப் பிடிக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன். முற்றத்தையும் கூட்டிவிட்டு வந்து இருக்கிறேன்.

மகள், காற்றுச் சாத்தினால் கதவு நிலையில் போய் மோதும், பிணைச்சல் ஆடும், கண்ணாடி இருந்தால் உடையும். தகடு அப்படிப் பிய்ந்து வராது. உள்ளே ஒரு ஆள் பூட்டிக்கொண்டு இருக்க, வெளியே இன்னொரு ஆள் இடித்தால்தான் வரும். எனக்கு இது தெரியும்.

2004ஆம் ஆண்டு. நீ இரண்டாம் வகுப்பு. நீ அப்பாவின் படத்துக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறவள், கும்பிடு. கடைசிச் சண்டையில், மாத்தளனில் உங்கள் இரண்டு பேரையும் பங்கருக்குள் தள்ளிவிட்டுத்தான் அவர் வெளியே நின்றார். அதை நான் குறைக்க மாட்டேன். ஆனால் கோபம் வந்தால் அந்த மனுசனுக்குக் கண் தெரியாது. குடியும் இல்லை, வெறும் கோபம். நீங்கள் அம்மம்மாவோடு திண்ணையில் படுத்த பிறகு நடக்கும். நான் அறைக்குள் போய்க் கொண்டியைப் போடுவேன், அவர் தோளால் இடிப்பார். மூன்று தடவை நிலை பிய்ந்தது. மூன்று தடவையும் விடிய முன், அரிக்கன் லாம்பைக் கீழே வைத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் இருக்கச் சுத்தியலின் முகத்தில் சீலைத்துண்டைச் சுற்றி, நானே அடித்துப் பூட்டினேன். இந்தச் சுத்தியல்தான். தச்சுவேலை நான் பழகியது அப்படித்தான். அயலில் எல்லோரும் கெட்டிக்காரி, ஆம்பிளை வேலையும் செய்வாள் என்றார்கள். நீயும் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாய். நான் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டேன்.

ஒரு விடியப்புறம் நீ தண்ணீர் குடிக்க எழும்பி வந்தாய். வாசலில் நின்று ‘என்ன அம்மா’ என்றாய். ‘காற்று மகள், கதவு அடித்துக்கொண்டது’ என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. லாம்பைத் தூக்கி எனக்குப் பிடித்தாய், நான் கடைசி ஆணியை அடித்து முடிக்கும்வரை.

நீ போன ஞாயிறு சொன்னது என்னுடைய சொல். அதை உனக்குத் தந்தது நான். உன் கலியாணத்தைப் பேசி முடித்ததும் நான்தான், மருமகன் அமைதியானவர், சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார் என்று ஊரெல்லாம் சொன்னதும் நான்தான்.

ஆகையால் அந்தக் கதவைத் திருத்தாதே. மேலே எழுதியதை வேறு கதவுக்கு வைத்துக்கொள். தகடு தொங்குகிறபடியே படம் எடுத்துச் சித்திக்கு அனுப்பு. அவளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நீதான் சொல்ல வேண்டும். அவளுடைய வீட்டுக் கீழறை வெறுமையாகத்தான் கிடக்கிறதாம், கேட்காத மாதிரிக் கேட்டு வைத்திருக்கிறேன். திரும்பவும் கதவு இடிபட்டால் 911க்கு எடு. ஆட்கள் என்ன நினைப்பார்கள், அம்மா என்ன நினைப்பாள் என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. நான் அப்படி நின்றேன்.

நான் நினைப்பது பிழை என்றால் என்னைப் பேசு, எவ்வளவு வேண்டுமானாலும் பேசு, சந்தோசமாகக் கேட்பேன். அப்படியென்றாலும் சுத்தியலை வைத்துக்கொள்.

இங்கே உன் அறையைக் கூட்டிக் கழுவிவிட்டிருக்கிறேன். அந்த முதிரைக் கதவு ஈரத்துக்குக் கொஞ்சம் ஊதி இறுகியிருந்தது, ஓரத்தைச் சீவிவிட்டேன். உள்பக்கம் புதுக் கொண்டி பூட்டி, நாலு திருகாணியையும் கடைசி வரை இறுக்கி, தேங்காயெண்ணெய் போட்டிருக்கிறேன். ஒரு விரலால் இழுபடும்.

அம்மா