பான்டூன் படகுக்கு மழைக்காலக் கவர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மே பிறந்துவிட்டது. மும்பையில் பருவமழை தொடங்க வானிலைத் துறை குறித்திருக்கும் சராசரி நாள் ஜூன் 11, விலகும் நாள் அக்டோபர் 8. மாண்ட்வா பக்கம் கடலிலோ லோணாவளா பக்கம் ஏரியிலோ பான்டூன் படகு வைத்திருப்பவர்கள் இந்த நாலு மாதமும் அதை மூடித்தான் வைக்க வேண்டும். கவர் கேட்டுத் தாராவிக் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, "துணி எவ்வளவு கனம்?" என்பதைத்தான். அதற்கும் முன்னால் விசாரிக்க வேண்டியது, மேலே விழுகிற தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பது.

பான்டூனின் அமைப்பு அப்படி. அலுமினியக் குழாய்கள் மேல் தட்டையான தளம், சுற்றிலும் ரெயில் (தடுப்புக் கம்பி), நடுவில் வெட்டவெளி. அதன்மேல் துணியை விரித்தால், கட்டிலின் நாலு கால்களிலும் வேட்டியைக் கட்டியது போல நடுவில் தொட்டி விழும். 22 அடி நீளம், எட்டரை அடி அகலமுள்ள படகின் மேல் 100 மி.மீ. மழை பெய்தால் 1,700 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. இது ஜூலையில் நம் ஊரில் அபூர்வமான மழை அல்ல. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்தது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 10 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கினால் அதுவே 100 கிலோ. அந்தக் கனத்தில் துணி இழுபடும், பள்ளம் இன்னும் ஆழமாகும், இன்னும் தண்ணீர் சேரும். கடைசியில் தையல் பிரியும், அல்லது ரெயில் வளையும். எவ்வளவு விலை உயர்ந்த துணியும் இதற்குத் தாக்குப்பிடிக்காது.

அதனால் தாங்குகம்பங்களைக் கவரோடு சேர்த்தே வாங்குங்கள். 22 அடிப் படகுக்கு நடுக்கோட்டில் 4 கம்பம் வேண்டும். அப்போது இடைவெளி சுமார் நாலரை அடிதான் வரும். கம்பத்தின் உச்சி ரெயில் மட்டத்தைவிடக் குறைந்தது 15 அங்குலம் உயர்ந்திருக்கட்டும். ஆறேழு அங்குலம் உயர்த்தினால் முதல் வாரம் சரியாகத்தான் இருக்கும். துணி கொஞ்சம் தளர்ந்ததும் சரிவு போய்விடும். முன் ரெயிலிலிருந்து பின் ரெயில் வரை, கம்பங்களின் தலைமேலே 2 அங்குல பாலியெஸ்டர் பட்டை ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். வீட்டுக் கூரைக்கு முகட்டு விட்டம் எப்படியோ, கவருக்கு இந்தப் பட்டை அப்படி. கம்ப உச்சி உருண்டையான குமிழாக இருக்க வேண்டும். அது தொடுகிற இடத்தில் உள்பக்கம் இரட்டைத் துணி ஒட்டு வைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒட்டு இல்லாத கவர் பொத்தலாவது முதலில் அங்கேதான்.

இனி துணி. டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். 600 டெனியர் என்றால் நூல் தடிமன் என்று மட்டும் அர்த்தம். நெசவு நெருக்கமா, பூச்சு நல்லதா என்று அந்த எண் சொல்லாது. ஜிஎஸ்எம்மையும், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதையும், சேர்த்துக் கேளுங்கள். அதோடு, சாயம் எப்படி ஏற்றியது என்றும் கேளுங்கள். நெய்த பிறகு சாயம் போட்ட துணி கத்தரிக்காய் மாதிரி, நிறம் தோலோடு சரி. நூலாக இழுப்பதற்கு முன்பே மூலப்பொருளின் குழம்பில் சாயம் கலந்தது பீட்ரூட் மாதிரி, உள்வரை நிறம். வெயிலில் வெளுக்காமல் நிற்பது இரண்டாவதுதான். ஓரத்தில் ஒரு நூலை உருவி, நறுக்கி, முனையைப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் மேற்சாயம்.

எங்கள் பரிந்துரை இதுதான். படகு வருடம் முழுக்க வெட்டவெளியில் நின்றால் சுமார் 310 ஜிஎஸ்எம் மரைன் அக்ரிலிக். அது மூச்சுவிடும், வெயிலையும் தாங்கும். ஆனால் உரசல் தாங்காது, ரெயில் மூலைகளில் கட்டாயம் ஒட்டு வேண்டும். மழைக்காலத்துக்கு மட்டும் என்றால் பூச்சுப் போட்ட மரைன் பாலியெஸ்டர் போதும், உரசலையும் நன்றாகத் தாங்கும். அது மூச்சுவிடாது என்பதால் முன்னும் பின்னும் ஒவ்வொரு காற்றுப்போக்கி வையுங்கள். நீலத் தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். வெயிலில் உரிந்து பொடியாகும், ஐலெட் (கயிறு கோக்கும் வளையம்) பிய்ந்துகொண்டு வரும், உள்ளே அடைபடும் ஈரத்தில் சீட்டெல்லாம் பூஞ்சை பிடிக்கும்.

தையலைக் கவனிப்பவர்கள் குறைவு. கவர் ஒழுகுவது பெரும்பாலும் துணியில் அல்ல, ஊசி போன ஓட்டைகளில். மேலே சொன்ன அளவுப் படகுக்கு, பக்கவாட்டில் தளம் வரை இறக்கினால், கவரை விரித்த அகலம் 14 அடி, நீளம் 27 அடி ஆகும். 5 அடி அகலத் துணியில் நீளவாக்கில் 3 பாளம் (துணிப் பட்டை), சேதாரம் சேர்த்து 28 மீட்டர். நடுப் பாளத்தின் மையம் சரியாக முகட்டில் உட்கார வேண்டும். அப்போது இரண்டு இணைப்புகளும் முகட்டிலிருந்து இரண்டரை அடி தள்ளிச் சரிவில் விழும், முகட்டில் தையலே வராது. இணைப்பில் மேல் பாளம் கீழ்ப் பாளத்தின் மேல் ஓடு வேய்ந்த மாதிரி படிந்து, மடித்து, இரட்டைத் தையலாக இருக்கட்டும். அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் போதும். நெருக்கித் தைத்தால் ஓட்டைகள் வரிசையாகச் சேர்ந்து, தபால்தலை கிழிகிற மாதிரி கிழியும். நைலான் நூல் பலமானதுதான், ஆனால் வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூல் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கும்போது இணைப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இரண்டு பக்கமும் லேசாக இழுங்கள். புள்ளிபுள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் மழையும் அதே வழியில் வரும்.

அளவு எடுப்பதில் நடக்கும் பெரிய தவறு, படகின் பதிவுப் புத்தகத்திலுள்ள நீளத்தை அப்படியே சொல்வது. டேப் வைத்து அளந்து, முன் ரெயிலின் வெளி விளிம்பிலிருந்து பின் ரெயிலின் வெளி விளிம்பு வரை நீளம், வெளி விளிம்புகளுக்கு இடையே அகலம், தளத்திலிருந்து ரெயில் உயரம், ஸ்டியரிங் மேடையின் உயரம் எல்லாம் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். மோட்டாருக்குத் தனிக் கவர்தான் நல்லது. நிழல் கூடாரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். அதன் சட்டம் வெளியே வர ஓட்டை விட்டுத் தைத்த கவர் எப்படித் தைத்தாலும் அங்கே ஒழுகும்.

கட்டுவதற்குப் பட்டன் வேண்டுமா, பட்டை வேண்டுமா? கடலில் நிற்கும் படகுக்குப் பட்டைதான். பட்டனுக்காக அலுமினிய ரெயிலில் வேறு உலோகத் திருகு போட்டால் உப்புநீரில் அதைச் சுற்றி அரிக்கும். கொக்கி, வளையம் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இரண்டு, இரண்டரை அடிக்கு ஒரு கட்டு வேண்டும். தொய்வாகக் கட்டினால் காற்றில் படபடத்து, துணி தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். தண்ணீரில் நிற்கும் படகுக்கு அடியில் கை எட்டாத இடங்களில், விளிம்பில் 2 கிலோ மணல் பை தொங்கவிடலாம்.

மூடுவதற்கு முன் சீட்டுகளை ஒரு முழு நாள் வெயிலில் காயவிடுங்கள், லைஃப் ஜாக்கெட்டுகளைக் கரைக்கு எடுத்துவிடுங்கள், தளத்தின் வடிகால் துளைகளில் குப்பை இல்லாமல் பாருங்கள். தின்பண்டத் துணுக்கு கிடந்தால் எலி வரும். மழை விட்ட நாளில், பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது ஒரு பக்கம் தூக்கிக் காற்றாட விட்டு, பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். கழுவ மிதமான சோப்பும் மென்மையான பிரஷும் போதும். வாஷிங் மெஷின் பூச்சைக் கெடுக்கும். 310 ஜிஎஸ்எம் துணியில் இந்த அளவுக் கவர் உலர்ந்த நிலையிலேயே சுமார் 11 கிலோ வரும் என்பதால், கழற்றவும் போடவும் இரண்டு பேராகப் போங்கள்.

அளவுகளோடு நாலு பக்கமும் எடுத்த புகைப்படமும் மே 20-க்குள் கிடைத்தால், மாதக் கடைசிக்குள் தைத்துத் தந்துவிடுவோம். பழைய கவர் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்தால், புதியதில் எங்கே ஒட்டு வைப்பது என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கடையினர்
தாராவி, மும்பை