பள்ளியை மூடச் சொல்லும் அந்த மாலைக்கு முன்: பந்தலூர் டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வி டீச்சருக்கு,

வணக்கம். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் காய்ச்சல் என்று பேச்சு கிளம்பினாலே நாடுகாணிச் சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள், பள்ளியை மூடிவிடுவார்களோ என்று பெற்றோர் தினமும் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மூடுவதா வேண்டாமா என்பதை மாவட்ட நிர்வாகம் முடிவு செய்யும். அந்தத் தகவல் பெரும்பாலும் மாலையில் வரும், மறுநாள் காலையே நடைமுறைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து எதையும் சொல்ல முடியாது. செய்ய வேண்டியதையெல்லாம் இப்போதே செய்தாக வேண்டும்.

உங்கள் கவலை நியாயமானதுதான். 2023 மார்ச்சில் இன்ஃப்ளூயன்சா பரவியதால் புதுச்சேரியில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 16ஆம் தேதி தொடங்கி 26 வரை விடுமுறை விட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், வௌவாலிடமிருந்து மனிதருக்கு வரும் நிபா காய்ச்சல் கேரளத்தில் வந்தபோது கோழிக்கோட்டில் சில ஊராட்சிகள் கட்டுப்பாட்டுப் பகுதிகளாயின, பள்ளிகள் மூடப்பட்டு ஆன்லைனில் வகுப்பு நடந்தது. 2024 ஜூலையில் மலப்புறத்தில் 14 வயதுச் சிறுவன் நிபாவால் இறந்தபோதும் சுற்றுப்புற ஊராட்சிகளில் கட்டுப்பாடு வந்தது. வட்டார அளவிலான இந்த மூடல்கள் நீளமானவை அல்ல, பத்து நாள், மிஞ்சினால் இரண்டு மூன்று வாரம். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு மூடல் எப்போதுமே நீண்டுவிடும். கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 10, 12ஆம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19இல் ஒருமுறை கதவு திறந்தது. 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போன 1 முதல் 8 வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 வரை காத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 சதவீதம், 2022இல் 4.8 சதவீதம் என்கிறது, கிராமங்களில் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் (ASER) அறிக்கை. முதலிலும் நிலைமை நன்றாக இல்லை, அதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது.

முதல் வேலை, போன் பட்டியல். பதிவேட்டில் இருக்கும் எண்களை நம்பாதீர்கள். ரீசார்ஜ் செய்யாததால் பாதி எண்கள் செத்திருக்கும். ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: ஓடுகிற எண், அது யாருடைய போன், அந்த ஆள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார், ஸ்மார்ட்போனா பட்டன் போனா, வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கிறதா. மூன்றாவது கேள்விதான் முக்கியம். தேயிலை பறிக்கப் போகும் அம்மாவோடு போனும் காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடும். காலை 9 மணிக்கு ஆன்லைன் வகுப்பு வைத்தால் யாருமே வராததற்குக் காரணம் பிள்ளையின் சோம்பேறித்தனம் அல்ல, போன் வீட்டில் இல்லாததுதான். மாலை 6.30க்கு மேல் வையுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு போன் உள்ள வீடுகளைப் பட்டியலில் வட்டமிட்டு வையுங்கள். அண்ணனின் வகுப்பும் தங்கையின் வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தால் தங்கைக்குத்தான் போன் கிடைக்காது.

வீடியோ எடுத்து அனுப்பும் ஆசையை விட்டுவிடுங்கள். உங்கள் பகுதி சிக்னலில் பத்து நிமிட வீடியோ இறங்குவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். இரண்டு, மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ் போதும்: "இன்றைக்கு மூன்றாம் தாள். முதல் வரியை நான் படிக்கிறேன், நீ விரல் வைத்துக்கொண்டே வா." பட்டன் போன் வீடுகளுக்குச் சாதாரண அழைப்பில் கான்ஃபரன்ஸ் போடலாம். பெரும்பாலான போன்களில் உங்களைத் தவிர ஐந்து பேர் வரை சேர்க்கலாம், நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் பக்கம் டிவி ஓடினாலே மற்றவர்களுக்குக் காது அடைத்துவிடும்.

அடுத்து, தாள். உங்களுடையது ஈராசிரியர் பள்ளி, சுமார் 30 பிள்ளைகள். ஒரு நாளைக்கு ஒரு தாள், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கணக்கு. பத்து வேலைநாளுக்கு 300 தாள், 500 தாள் கட்டு ஒன்றிலேயே முடிந்து மிச்சமும் இருக்கும். மூடல் செய்தி வந்த அன்று மாலை ஜெராக்ஸ் கடைக்கு ஓடினால் எல்லாப் பள்ளியும் அங்கேதான் நிற்கும், கரண்டும் போயிருக்கும். இப்போதே எடுத்து இரும்புப் பெட்டியில் வையுங்கள். மழைக்காலத்தில் பீரோவின் மேல்தட்டில் வைத்த தாள் நமத்துப் போய்ப் பென்சில் ஏறாது. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்கும் தடை, அதனால் வீட்டிலிருந்து ஒரு துணிப்பை கொண்டுவரச் சொல்லுங்கள். கலர்ப் படத்தை ஜெராக்ஸ் எடுத்தால் கறுப்புத் திட்டாகத்தான் வரும், கோட்டுப்படமே போதும். 1, 2ஆம் வகுப்புக்கு எழுத்தளவு 20க்குக் குறைய வேண்டாம். ஐந்து நாள் தாள்களை மட்டும் ஒரு கட்டாகக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் அக்கா உட்கார்ந்து ஒரே மாலையில் எழுதி முடித்துவிடுவாள்.

எந்தத் தாள் எந்தப் பிள்ளைக்கு? வகுப்பைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், வாசிக்கும் நிலையைப் பார்த்துப் பிரியுங்கள். இதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம் ஆகும், 30 பேருக்கு ஒன்றரை மணி நேரம். பாடப்புத்தகத்தில் இல்லாத நான்கு வரிப் பத்தியைக் கொடுங்கள், ஏனென்றால் புத்தகப் பாடத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். பத்தி வரவில்லை என்றால் ஒரு வாக்கியம், அதுவும் வரவில்லை என்றால் சொற்கள், பிறகு எழுத்துகள். எங்கே நின்றதோ அதைப் பெயருக்கு நேரே எழுதுங்கள். இடைவெளி விட்டால் முதலில் கழன்று போவது உயிரும் மெய்யும் அல்ல, கொம்புகள்தான். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பி "செடி" "சேடி" ஆகும். "கொ", "கோ" இரண்டிலும் குறி எழுத்தின் இருபக்கமும் நிற்பதால், இடமிருந்து வலமாக விரல் வைத்துப் படிக்கும் பிள்ளை துணைக்காலை "ர" என்று படித்துவிடும். அந்தப் பிள்ளைக்கு முழுப் பத்தியுள்ள தாளைக் கொடுப்பது தண்டனை. மெழுகு, கொடி, தோடு, சேவல் என்று பத்துச் சொற்கள் போதும். வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். அவர்களுக்குப் பேச்சு வரும், எழுத்துதான் தடுக்கும். பள்ளி மூடினால் தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்க்கும் ஒரே வாய்ப்பும் போய்விடும்.

கணக்கில் ஒன்றே ஒன்றைச் சோதியுங்கள்: 52இல் 38 போனால்? 26 என்று எழுதினால், பிள்ளை ஒன்றுகள் இடத்தில் எட்டிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது, கடன் வாங்கத் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தனுப்புங்கள். ஒரு கட்டை அவிழ்த்தால்தான் கணக்கு நகரும் என்பதை வீட்டில் படிக்காத பாட்டிகூடச் சொல்லிக்கொடுப்பார்.

பள்ளி மூடினால் பாடத்தைவிட முதலில் நிற்பது சோறு. 2020இல் மதிய உணவு ஒன்றுதான் நின்றது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25இல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, ஒரு நாள் மூடினால் இரண்டு வேளை போகிறது. கொரோனாவின்போது அரிசியும் பருப்பும் உலர்பொருளாகக் கொடுத்தார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவுக்கான தேசிய அளவு நாளொன்றுக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், அதாவது பத்து நாளுக்கு 1 கிலோவும் 200 கிராமும். ஆணை வராமல் நீங்களாகக் கொடுக்க முடியாது. ஆனால் ஆணை வந்த அன்றே கொடுக்கும்படி பெயர்ப்பட்டியலும் நேரமும் போட்டு வைக்கலாம். அரை மணி நேரத்துக்கு ஐந்து வீடு என்று பிரித்தால் கூட்டம் சேராது, தாள் கட்டையும் அப்போதே கொடுத்துவிடலாம்.

இன்னொன்று, டீச்சர். பள்ளி திறந்திருக்கும்போதே ஒரு பிள்ளை மட்டும் வீட்டில் அடைபட நேரலாம். நிபா நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் தனிமையில் வைப்பார்கள். 21 நாளில் ஏறக்குறைய 15 வேலைநாள் வரும், அதற்கு 15 தாள் தனியாக எடுத்து வையுங்கள். காரணத்தை வகுப்பில் சொல்ல வேண்டாம். சொன்னால், திரும்பி வரும் அன்று பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், நோயைவிட அது நீண்ட நாள் நிற்கும். வௌவால் கடித்த பழத்தைத் தொடாதே, கீழே கிடக்கும் கொய்யாவைத் தின்னாதே என்பதை மட்டும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். உங்கள் பள்ளிக்குப் பின்னால் மரம் இருந்தால் தினமும் காலையில் அந்த இடத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

திறக்கச் சொல்லி ஆணை வந்ததும் ஒரு நாள் முன்னதாகவே தண்ணீர்த்தொட்டியைப் பாருங்கள். தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட்டுத் தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்பி, 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அதை அப்படியே தூவாதீர்கள். வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். போன வருடம் பிரித்த பாக்கெட் உங்கள் ஊர் ஈரத்துக்குக் குளோரின் இழந்திருக்கும், புதிது வாங்குங்கள். எதிரெதிர் ஜன்னல்களில் துருப்பிடித்த கொக்கியை அன்றே சரிசெய்யுங்கள். குளிர் என்று ஒரு பக்கத்தை மூடிவிட்டால் காற்று ஓடாது.

திறந்த முதல் வாரம் விட்ட பாடத்தைத் துரத்த வேண்டாம். அதே நான்கு வரிப் பத்தியை, அதே மூன்று நிமிடத்துக்கு, மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். நோட்டில் பழைய குறிக்குப் பக்கத்தில் புதுக் குறியைப் போடுங்கள். பின்னே போன பிள்ளைகளுக்குத் தினமும் முதல் 40 நிமிடம். ஒரு வாரத்துக்கு மேல் வராத பிள்ளையின் வீட்டுக்கு நீங்களே ஒரு நடை போய்விடுங்கள். போனில் "நாளைக்கு அனுப்புகிறோம்" என்றுதான் சொல்வார்கள்.

இந்தச் சனிக்கிழமை போன் பட்டியலை முடித்துவிடுங்கள். வாசிப்புச் சோதனையைத் திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் நீங்களும் உடன் ஆசிரியரும் பிரித்துச் செய்யலாம். தாள் எடுக்கும் முன் அந்த முடிவுகளை எங்களுக்கு அனுப்புங்கள், எந்தக் கட்டில் எத்தனை வேண்டும் என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
உங்கள் சக ஆசிரியர்கள்