பள்ளம் தோண்டும் முன் கீழே என்ன போகிறது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடிகால் வேலைக்காக எங்கள் ஊர் பெரிய சாலையை ஜேசிபி வைத்துத் தோண்டியதில் ஃபைபர் கேபிள் அறுந்து, இ-சேவை மையம், கூட்டுறவு வங்கிக் கிளை, சுற்றியுள்ள தெருக்களின் வீட்டு இணையம் எல்லாம் மறுநாள் மதியம் வரை படுத்துவிட்டன. சான்றிதழ் வாங்க வந்தவர்கள் பேருந்துக் காசு செலவழித்துத் திரும்பிப் போனார்கள். உங்கள் நாளிதழ் அதைத் தற்செயலாக நடந்த விபத்து போல எழுதியிருந்தது. தற்செயல் இல்லை. கேபிள் போகும் பாதையைக் காட்டும் அடையாளக் கல் அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் இருந்தது. வேலை ஆரம்பித்த அன்றே, வண்டி திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள்.

நான் கேபிள் ஜாயின்ட் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செம்புக் கம்பிக் காலத்திலும் இருந்தேன், ஃபைபர் வந்த பிறகும் இருந்தேன், அதனால் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. செம்புக் கேபிள் என்றால் உலோகம், லொக்கேட்டர் கருவியை வைத்து மேலேயிருந்தே எங்கே போகிறது என்று பிடித்துவிடலாம். ஃபைபர் அப்படி இல்லை. உள்ளே இருப்பது தகவலை வெளிச்சமாகக் கொண்டுபோகும் கண்ணாடி இழை, மேலே இருப்பது பிளாஸ்டிக். இரும்புக் கவசம் போட்ட ரகமாகவோ, கூடவே ஒரு கம்பி பதித்ததாகவோ இருந்தால் ஒழிய அந்தக் கருவிக்கு அது தெரியாது. ஆக அதற்குப் பாதுகாப்பு என்று இருப்பது தரைக்கு மேலே நிற்கும் அந்தக் கல், மண்ணுக்குள் கேபிளுக்குச் சற்று மேலே விரித்திருக்கும் எச்சரிக்கை நாடா, அப்புறம் அலுவலகத்தில் இருக்கும் வரைபடம், இவை மூன்றும்தான். கல்லைப் பிடுங்கினால் வரைபடத்தை எடுத்துப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லாத நம் ஊரில் மிச்சம் நாடா ஒன்றுதான், ஜேசிபி வாளிக்கு நாடாவாவது ஒன்றாவது.

ஒரு இழையின் மொத்த விட்டம் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள்ளும் வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். பஞ்சாபில் மோகா ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி 1954-இல் இப்படிப்பட்ட கண்ணாடி இழைக் கட்டின் வழியாகப் படத்தை அனுப்பிக் காட்டினார், நம் நாடு அவர் இறந்த பிறகு 2021-இல்தான் பத்ம விபூஷண் கொடுத்தது. தொலைதூரத் தகவலுக்கும் இதைப் பயன்படுத்தலாம், கண்ணாடியில் இருக்கும் அசுத்தம்தான் தடை என்று 1966-இல் சொன்னவர் சார்லஸ் காவ், அதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார். 1970-இல் கார்னிங் நிறுவனம் செய்த இழையில் ஒரு கிலோமீட்டர் போனதும் 100-இல் ஏறக்குறைய 2 பங்கு வெளிச்சம்தான் மிஞ்சியது, அதுவே அன்றைக்குப் பெரிய சாதனை. இன்று நம் சாலையோரம் புதைத்திருக்கும் கேபிளில் வெளிச்சம் அந்த 2 பங்காகக் குறைவதற்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போக வேண்டும். அவ்வளவு சுத்தமான கண்ணாடி அது. அதைத்தான் வாளியால் கோரிக் குப்பையில் தள்ளுகிறோம்.

இது வீட்டில் படம் பார்க்கும் இணையத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உயரமான மின்கோபுரங்களில் உச்சியில் போகும் கம்பியைப் பாருங்கள், பல இடங்களில் அதற்குள் ஃபைபர் இருக்கிறது, மின் நிலையங்கள் ஒன்றோடொன்று பேசுவது அதன் வழியாகத்தான். ரயில் பாதையை ஒட்டிப் போகிறது. செல்போன் கோபுரத்திலிருந்து பேச்சு வெளியூர் போவதும் பெரும்பாலும் இதில்தான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்கு கேபிள் திறந்த பிறகுதான் அந்தத் தீவுகளுக்கு செயற்கைக்கோளை நம்பியிருந்த நிலை மாறியது. தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இழுக்கும் திட்டம் நடக்கிறது. அவ்வளவு தூரம் இழுத்து என்ன பயன், குடிநீர்க் குழாய் பதிக்க வருகிறவர் அடுத்த மாதமே அறுத்துவிட்டுப் போனால்?

அறுந்தால் ஒட்டிவிடலாமே என்று கேட்கிறார்கள். செம்பை முறுக்கிவிட்டு டேப் சுற்றினால் அப்போதைக்கு வேலை நடக்கும், கண்ணாடியில் அது நடக்காது. ஜேசிபி வாளி கேபிளை வெட்டுவதில்லை, இழுக்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரியும் அறுந்த இடத்தோடு முடியாது, சில மீட்டர் தள்ளி உள்ளேயும் இழைகள் முறிந்திருக்கும். ஓடிடிஆர் என்ற கருவியை வைத்து எத்தனையாவது மீட்டரில் முறிவு என்று பார்த்து, கெட்ட பகுதியை மொத்தமாக எடுத்துவிட்டு, புதுத் துண்டு சேர்த்து இரண்டு பக்கமும் ஜாயின்ட் போட வேண்டும். 24 இழை கேபிள் என்றால் 48 ஜாயின்ட். ஒவ்வொன்றுக்கும் மேல்பூச்சை உரிக்கணும், ஆல்கஹால் வைத்துத் துடைக்கணும், செங்கோணத்தில் வெட்டணும், ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து உருக்கி ஒட்டணும், மேலே ஸ்லீவ் போட்டுச் சூடாக்கணும். இதைப் பெரும்பாலும் ராத்திரியில், சேறு நிறைந்த குழிக்குப் பக்கத்தில், ஒரு குடையையோ தார்ப்பாயையோ பிடித்துக்கொண்டு செய்கிறார்கள். நல்ல ஜாயின்ட் என்றாலும் கொஞ்சம் வெளிச்சம் அதில் வீணாகத்தான் செய்யும், ஒரே பாதையில் நாலைந்து முறை வெட்டுப்பட்டால் அந்த இழப்பெல்லாம் சேர்ந்துகொண்டே போகும்.

நிற வரிசை தெரியாதவர் கையில் இந்த வேலையைக் கொடுப்பதும் இப்போது நடக்கிறது. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு, அக்வா, இந்த 12-ம் மனப்பாடமாக இருக்க வேண்டும், உள்ளே இழைகள் இருக்கும் குழாய்களுக்கும் இதே வரிசைதான். டார்ச் வெளிச்சத்தில் சாம்பலும் வெள்ளையும் ஒன்று போலத் தெரியும். மாற்றி ஒட்டினால் வங்கியின் லைன் வேறு எங்கோ போய் நிற்கும்.

தோண்டுகிறவர்களுக்கு இவ்வளவு தெரிய வேண்டாம். கைக்கு ஒரு கறுப்புக் கேபிளோ கலர் குழாயோ வந்தால் நிறுத்திவிட்டு மேலே எழுதியிருப்பதைப் படித்தால் போதும். ஃபைபர் கேபிளின் மேல்தோலில் தயாரித்த நிறுவனம், ஆண்டு, எத்தனை இழை, மீட்டர் கணக்கு எல்லாம் அச்சடித்திருக்கும், அது போகும் பிளாஸ்டிக் குழாயிலும் யாருடையது என்று பெயர் இருக்கும். படிக்க முடியாத கறுப்புக் கேபிள் என்றால் தொடவே கூடாது, அது மின்சாரக் கேபிளாகவும் இருக்கலாம். முறையாகப் புதைத்தால் ஒன்றரை மீட்டருக்கும் கீழே இருக்கும்தான். ஆனால் பாறை உள்ள இடத்திலும், சாலையைப் பலமுறை சுரண்டிய இடத்திலும் முழங்கால் ஆழத்திலேயே கிடக்கும், ஆழத்தை நம்பித் தோண்டாதீர்கள். செம்பு கிடைக்கும் என்று நினைத்து இரவில் அறுக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், இதற்குள் செம்பு கிடையாது, பழைய இரும்புக் கடையில் இதை யாரும் வாங்கமாட்டார்கள்.

இனி வீட்டுப் பக்கம். மோடத்தில் லாஸ் (LOS) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். உடனே கம்பியைப் பிடுங்கி முனையை வாயால் ஊதிச் சட்டையில் துடைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். வாயில் இருக்கும் ஈரமும் துணியின் தூசும் அந்த 9 மைக்ரான் வாசலை அடைக்கப் போதும். இந்தப் பழுதுகளில் பல முனை அழுக்கால் வருவதுதான், அதற்கென்று உள்ள துடைப்பான் வைத்துக்கொண்டுதான் சரி செய்ய வருவார்கள். முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது அதைவிட ஆபத்து, அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் போகும். பச்சை முனையை நீலத்தில் செருகாதீர்கள், பச்சை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேர், இரண்டும் பொருந்தாது, முனையும் கெடும். மஞ்சள் கம்பியை ஒரு டம்ளர் வாயைவிடச் சின்ன வட்டமாகச் சுற்றி ஆணியில் மாட்டாதீர்கள், வளைவில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். வேலை முடித்துப் போகிறவர் வெட்டிய கண்ணாடித் துணுக்குகளைத் தரையில் விட்டுவிட்டுப் போனால் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது காலில் ஏறினால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

தலைக்கு மேலே தொங்குவது தனிக் கதை. மரத்தில் ஆணி அடித்தும் விளக்குக் கம்பத்தில் சுருட்டியும் விட்டிருக்கிறார்கள். தொழிலை மூடிவிட்டுப் போனவர்களின் செத்த கேபிளும் அதே கம்பத்தில் தொங்குகிறது, எது உயிரோடு இருக்கிறது என்று கம்பத்தில் ஏறுகிறவருக்கே தெரிவதில்லை. தாழ்வாகத் தொங்கும் கேபிள் இரவில் இருசக்கர வாகனத்தில் வருகிறவர் கழுத்துக்கு நேராக வருகிறது. கம்பத்துக்குக் கம்பம் நிறுவனப் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டை கட்ட வேண்டும், பட்டை இல்லாததை அறிவிப்பு கொடுத்துவிட்டு இறக்கிவிட வேண்டும்.

தோண்டும் முன் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு விதியே போட்டது. அதே ஆண்டு மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியும் வந்தது. தோண்டப்போகும் இடத்தை அதில் போட்டால் அங்கே கேபிள், குழாய் வைத்திருப்பவர்களுக்குச் செய்தி போய்விடும், அவர்கள் ஆள் அனுப்பி இடம் காட்டலாம். இப்படிக் கேட்காமல் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நட்டம் என்று அரசே அப்போது சொன்னது. எங்கள் ஊரில் வேலை எடுத்த ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரிடம் கேட்டேன், அப்படி ஒரு செயலி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, வேலை உத்தரவில் அது எழுதப்படவே இல்லை.

உள்ளாட்சி அமைப்புகளிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள விஷயம் அல்ல. செயலியில் பதிந்த ரசீது இல்லாமல் சாலை வெட்ட அனுமதி கொடுக்காதீர்கள். பிடுங்கிய அடையாளக் கல்லை அதே இடத்தில் திரும்ப நட்ட பிறகுதான் பில் பாஸ் செய்யுங்கள். அறுத்தவரிடமே பழுதுபார்க்கும் செலவை வாங்குங்கள். ஜேசிபி ஓட்டுநர்களுக்கு அரை நாள் இந்தக் கேபிளையும் நாடாவையும் குழாயையும் கையில் கொடுத்துக் காட்டுங்கள், எங்கள் மாவட்டத்தில் யார் ஏற்பாடு செய்தாலும் காசு வாங்காமல் வந்து சொல்லித்தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கேபிள் ஜாயின்டர்,
தஞ்சாவூர் மாவட்டம்