கூரைச் சோலாருக்கு இருவழி மீட்டர் பொருத்தித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்
(பெயர், முகவரி, மின் இணைப்பு எண் ஆகியவை இணைப்பில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்.

பொருள்: வீட்டுச் சோலார் அமைப்புக்கு இருவழி மீட்டர், மின்சாரக் காருக்குக் கூடுதல் மின்பளு (வீட்டு இணைப்புக்கு அனுமதித்த மின்சார அளவு) வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் மொட்டை மாடியில் 540 வாட் சோலார் தகடுகள் ஆறு, மூன்று மாதமாகச் சும்மா வெயில் காய்கின்றன. வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் உள்ளே வரும் மின்சாரத்தையும் தனித்தனியே கணக்கிடும் இருவழி மீட்டர் இன்னும் வரவில்லை.

ஓய்வுப் பணத்தில் கட்டிய வீடு இது. கரண்ட் செலவு குறைய வேண்டும் என்பதை மனதில் வைத்துத்தான் பிளானே போட்டோம். மேற்கு வெயில் அடிக்கும் பக்கத்தில் குளியலறையும் சாமான் அறையும் வைத்தோம். மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது மாட்டியிருப்பவை எல்லாம் 30 வாட். ஒரு தகட்டில் நிழல் விழுந்தால்கூட அந்த வரிசை முழுவதற்கும் உற்பத்தி குறையும் என்பதால், படிக்கட்டு அறையையும் தண்ணீர்த் தொட்டியையும் வடக்கு ஓரத்துக்குத் தள்ளினோம். தொட்டி தென்மேற்கில்தான் வர வேண்டும் என்று கொத்தனார் கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

என் மகள் காலை ஷிப்ட் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். போகவர 40 கிலோமீட்டர், மின்சாரக் காரில். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவாள். 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் வெயில் இறங்குவதற்குள், இரண்டு மணி நேரத்தில், அன்றாடம் தேவைப்படும் 6 யூனிட் ஏறிவிடும். தகடுகள் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட். வீட்டுக்கு 350, காருக்கு 300 என்று கணக்குப் போட்டுத்தான் இந்த அளவில் வாங்கினோம்.

இருவழி மீட்டர் இல்லாமலே, தகடுகளின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை ஆன் செய்தால் என்ன என்று பொருத்தியவரிடம் கேட்டேன். "இந்தப் பழைய மீட்டருக்குப் போவதும் வருவதும் ஒன்றுதான் சார். நீங்கள் வெளியே அனுப்புகிற யூனிட்டையும் செலவு என்றே கூட்டிவிடும்" என்றார். சரி என்று அணைத்தே வைத்திருக்கிறோம்.

மீட்டருக்காக மின்வாரிய அலுவலகத்துக்கு ஐந்து முறை போய்வந்தேன். மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் "ஸ்டாக் இல்லை, வந்ததும் கூப்பிடுகிறோம்" என்பதுதான் பதில். இதற்கிடையில் கார் முழுக்க லைன் கரண்டில் ஓடுவதால் இரு மாத ரீடிங் 650-ஐத் தொட்டுவிட்டது. 500-ஐத் தாண்டியதால், அதற்குள் இருந்தால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போயிற்று. அமைப்பு இயங்கத் தொடங்கியதாக அறிக்கை ஏறினால்தான் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வரும். அது வந்தால் வங்கிக் கடனில் ஒரு பகுதியை அடைக்கலாம் என்றிருந்தேன். தவணை மட்டும் தவறாமல் கட்டி வருகிறேன்.

2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான கூரைச் சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. அமைப்பை இயக்கிவைக்கும் கெடுவும் 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைக்கப்பட்டுள்ளது. என்னுடையது 3.24 கிலோவாட்தான்.

ஆகவே, இருவழி மீட்டரை விரைந்து பொருத்த உரிய அலுவலருக்கு உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இருப்பு இல்லை என்றால், மின்வாரியம் அங்கீகரித்த மீட்டரை நானே வாங்கிச் சோதனைக்குக் கொடுக்கவும் தயார். எழுத்தில் அனுமதி தந்தால் போதும். காருக்காக மின்பளுவை உயர்த்தக் கொடுத்த விண்ணப்பத்தையும் அதே வருகையில் பார்த்துவிட்டால் ஊழியர்களுக்கும் ஒரு நடை மிச்சம்.

எர்த் குழி மூன்றும் போட்டாயிற்று. புது மீட்டருக்கான பெட்டியும் வாசல் சுவரில் தயாராக இருக்கிறது. பகலில் எப்போது வந்தாலும் வீட்டில் ஆள் இருக்கும்.

இணைப்பு: விண்ணப்ப ஒப்புகை, கடைசி இரண்டு மின் ரசீதுகள், மாடியின் புகைப்படம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)