மனமகிழ் மன்றங்களின் பதிவுக் கோப்புகளை யார் பார்க்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனமகிழ் மன்றத்தில் பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது, ரொக்கம் பறிமுதல் என்ற செய்தி நம் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. பிடிபட்டவர்கள் அன்றைக்கே ஜாமீனில் வெளியே வந்துவிடுகிறார்கள். நாலு நாள் கழித்து அதே மன்றத்தில் அதே மேசை விரிகிறது. மன்றத்தை நடத்துபவர் யார் என்பது மட்டும் செய்தியில் வருவதில்லை. சங்கப் பதிவு, கணக்கு, ஆண்டறிக்கை ஆகியவற்றோடு பழகியவர்கள் என்ற முறையில் இதைப் பற்றிச் சில விவரங்களை எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கிளப் உண்டு. தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களின் கால்பந்துக் கிளப்புகள், பொங்கலுக்கும் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் விளையாட்டுப் போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்கள், நாலு பெஞ்சும் பத்திரிகையும் போட்ட படிப்பகங்கள் என்று பட்டியல் நீளும். இவற்றில் சாயங்காலம் காரம் போர்டும் காசு வைக்காத இருபத்தெட்டுச் சீட்டாட்டமும் நடப்பதை யாரும் குற்றம் சொல்லவில்லை. 'கிளப் என்றாலே ரவுடிக் கூடாரம்' என்று எழுதினால் அடிபடுவது இவர்கள்தான். நாங்கள் சொல்வது வாசலில் மனமகிழ் மன்றம் என்ற பலகையும், உள்ளே சீட்டு மேசையும், பின்னறையில் கட்டப்பஞ்சாயத்தும் வைத்திருக்கும் இடங்களைப் பற்றி.

கும்பலுக்கு மன்றம் எதற்கு? ஐந்தாறு பேர் இரவில் முக்கில் கூடி நின்றால் ரோந்து போலீஸ் கேள்வி கேட்கும். அதே ஆட்கள் மன்றத்துக்குள் உட்கார்ந்தால் உறுப்பினர்கள். நிலத் தகராறு, கொடுக்கல் வாங்கல், குவாரி லாரிப் பிரச்சினை என்று 'பேசித் தீர்க்க' ஆளை வரச்சொல்ல ஒரு விலாசம் வேண்டும். வீட்டுக்கு வரச்சொன்னால் சாட்சி உண்டாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டு மேசையில் தோற்றவனுக்கு அங்கேயே கடன் கொடுக்க ஒருவர் இருப்பார். பத்தாயிரம் என்று பேசி ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் வரும். பைக்கின் ஆர்.சி. புக், தொகை எழுதாத காசோலை, கையெழுத்து மட்டும் போட்ட புரோநோட்டு மேசை டிராயருக்குள் போகும். சூதாட்டத்தில் விட்டதை விட இந்த டிராயரில் விட்டதுதான் குடும்பங்களை அழிக்கிறது. கந்துவட்டிக்கு எதிரான 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் இருந்தும், சீட்டாட்ட வழக்கில் அந்த டிராயரை யாரும் திறந்து பார்ப்பதாகத் தெரியவில்லை.

பணம் எப்படி வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் உட்காரும் ரம்மி மேசை. ஒரு ஆட்டம் பத்து நிமிடம். ஆட்டத்துக்கு இருபது ரூபாய் மன்றத்துக்கு மேசைப் பணம் என்று வைத்தால், மணிக்கு ஆறு ஆட்டம், பன்னிரண்டு மணி நேரத்தில் 72 ஆட்டம், ஒரு மேசைக்கு 1,440 ரூபாய். ஐந்து மேசை ஓடினால் நாளைக்கு 7,200, மாதத்துக்கு 2,16,000. இதில் வட்டி இல்லை, சாப்பாடு இல்லை, மது இல்லை. இப்போது தண்டனையைப் பாருங்கள்: 1930-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தில் சூதாட்ட விடுதி நடத்துபவருக்கு 500 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, ஆடியவருக்கு 200 ரூபாய் அல்லது ஒரு மாதம். 2021-ல் தண்டனையைக் கூட்டித் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. ஒரு மேசையின் அரை நாள் வருமானம் கூட இல்லாத அபராதத்துக்கு யார் பயப்படுவார்?

'ரம்மி திறமை விளையாட்டு, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று மன்றக்காரர்கள் எப்போதும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. சத்தியநாராயணா வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியில் திறமைக்கே பெரும்பங்கு என்று சொன்னது. அதே தீர்ப்பில், விடுதியோ கிளப்போ அந்த ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் குற்றம் ஆகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆகவே வழக்கை நிலைக்க வைப்பதோ கவிழ்ப்பதோ மேசைப் பணத்தின் கணக்குதான். சோதனைக்குப் போகிறவர்கள் சீட்டுக்கட்டையும் ரொக்கத்தையும் எடுத்துவிட்டு, கல்லாவில் கிடக்கும் குறிப்புநோட்டை விட்டுவிட்டு வந்தால், நீதிமன்றத்தில் 'நாங்கள் வசூலித்தது சீட்டுக்கட்டு வாங்கவும் மின்கட்டணம் கட்டவும்' என்ற பதிலை உடைக்க வழியில்லை.

இன்னொரு ஓட்டை வாரண்டு. சூதாட்டச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி எழுத்து மூலமான வாரண்டோடு நுழைந்து சீட்டும் காயும் கைப்பற்றினால், அது சூதாட்ட விடுதி என்று 6-வது பிரிவின்படி நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர்கள் பொறுப்பு. அவசரத்தில் வாரண்டு இல்லாமல் கதவைத் தட்டினால் இந்த வசதி போய்விடும். பிறகு ஒவ்வொன்றையும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். சாட்சிகள் உள்ளூர்க்காரர்கள். என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வழக்குப் பதிவதாக இருந்தால் பழைய சட்டத்தோடு நிற்கவும் வேண்டாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-வது பிரிவு, கும்பலாகச் சேர்ந்து செய்யும் அனுமதியில்லாத சூதாட்டத்துக்கு ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை என்கிறது. ஆடியவர்களை விட்டு, நடத்தியவர்களைக் கும்பல் என்று காட்ட வேண்டும். அதற்கு யார் யார் அந்த இடத்துக்குத் தொடர்ந்து வருகிறார்கள் என்ற பதிவு வேண்டும்.

நியூயார்க்கில் மாஃபியாக்களை வீழ்த்தியது இந்த வழியில்தான். அங்கேயும் தெருவுக்குத் தெரு சோஷியல் கிளப். சீட்டு, காபி, பின்னறைப் பேச்சு. மல்பெரி தெருவில் ரேவனைட் என்ற கிளப்பை வைத்திருந்த மாஃபியாத் தலைவர் ஜான் காட்டி, தன் தளபதிகள் எல்லாரும் அங்கே தவறாமல் வந்து தலைகாட்ட வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தார். எஃப்.பி.ஐ.க்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? வந்துபோகிறவர்களை எல்லாம் தள்ளி நின்று படம் பிடித்தார்கள். பிறகு கிளப்புக்கு மேல்மாடியில் இருந்த ஒரு வீட்டில் நீதிமன்ற அனுமதியோடு ஒலிக்கருவி வைத்தார்கள். 1990 டிசம்பர் 11 அன்று அதே கிளப்பில் வைத்துக் கைது. 1992 ஏப்ரலில் குற்றவாளி என்று தீர்ப்பு. கிழக்கு ஹார்லெமில் பால்மா பாய்ஸ் என்ற கிளப்பில் பதிவான பேச்சு, இன்னொரு மாஃபியாத் தலைவரான ஆன்டனி சலர்னோவுக்கு நூறாண்டு சிறை வாங்கித் தந்த வழக்கில் ஆதாரமானது. வாரத்துக்கு ஒரு தடவை கதவை உடைத்து நாலு சீட்டாட்டக்காரனைப் பிடித்திருந்தால் இரண்டு பேரும் கிழவர்களாகி வீட்டில் படுத்துச் செத்திருப்பார்கள்.

நம் ஊரில் ஒலிக்கருவி வரை போக வேண்டாம். நம்மிடம் இருப்பது பதிவாளர் கோப்பு. ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கம் பதியலாம். பதிந்த பிறகு உறுப்பினர் பதிவேடு, நடவடிக்கைக் குறிப்பேடு, வரவு செலவுக் கணக்கு வைத்திருக்க வேண்டும். மார்ச்சில் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் முடிவதற்குள், பொதுக்குழு கூட்ட வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7-ல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சீட்டுமேசை மன்றங்கள் சறுக்குவது இங்கேதான்.

பெரும்பாலும் அவர்கள் புதிதாகப் பதிவதில்லை, தூங்கும் சங்கத்தை எடுக்கிறார்கள். பழைய விளையாட்டுக் கழகம் ஒன்று இருக்கும். தலைவர் இறந்திருப்பார், செயலாளர் வளைகுடாவில் இருப்பார், பல வருடமாகக் கணக்குத் தாக்கல் இருக்காது. 'புதுப்பித்துத் தருகிறேன்' என்று ஒருவர் வந்து பழைய பதிவேடுகளை வாங்கிக்கொள்வார். நடக்காத பொதுக்குழுக்களுக்கு வருட வாரியாகத் தீர்மானம் எழுதி, தாமதக் கட்டணம் கட்டி, படிவம் 7-ல் புது நிர்வாகிகளைக் கொண்டுவந்து, அலுவலக விலாசத்தையும் மாற்றிவிடுவார். வெளியே பார்த்தால் பல ஆண்டு பாரம்பரியமுள்ள சங்கம். குறிப்பேட்டைத் திறந்தால் பல வருடத் தீர்மானங்கள் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே அழுத்தத்தில் இருக்கும். இறந்தவர் 'முன்மொழிந்த' தீர்மானமும் கிடைக்கும். ஊர் மன்றங்களை நடத்தும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வருடத் தாக்கலை விடாதீர்கள், நடத்த முடியாவிட்டால் முறைப்படி கலைத்துவிடுங்கள், பதிவேட்டை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

கோப்பில் பார்க்க வேண்டிய இன்னொன்று உறுப்பினர் சேர்க்கை. முறையான கிளப்பில் ஒருவர் முன்மொழிந்து, ஒருவர் வழிமொழிந்து, குழு தீர்மானம் போட்டபின்தான் உறுப்பினர். மற்ற இடங்களில் வாசலில் துண்டுச்சீட்டு எழுதி அப்போதே உறுப்பினர். எஃப்.எல்.2 மதுபான உரிமம் வாங்கிய மன்றமாக இருந்தால் இது பெரிய சிக்கல். அந்த உரிமம் உறுப்பினர்களுக்காகத் தரப்படுவது, வழிப்போக்கருக்கு விற்க அல்ல. அந்தப் புகாரைக் காவல் நிலையத்தில் கொடுப்பதை விட, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள கலால் உதவி ஆணையரிடம் கொடுப்பது நல்லது. உரிமம் போனால் மன்றத்தின் பாதி உயிர் போய்விடும். அதோடு கட்டட வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், மின் இணைப்பு யார் பெயரில், சொத்துவரி யார் கட்டுகிறார் என்று பாருங்கள். கோப்பில் தலைவராக ஒரு பெட்டிக்கடைக்காரர் இருப்பார். வாடகை கொடுப்பவர் வேறொருவராக இருப்பார். அந்த வேறொருவர்தான் நாம் தேடும் ஆள்.

சில மன்றங்களில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைக் கண்ணாடி பிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். முழுதாகப் படியுங்கள். சட்டத்துக்கு உட்பட்ட செயல்பாட்டில் போலீஸ் தலையிடக் கூடாது என்பதுதான் இப்படிப்பட்ட உத்தரவுகளின் சாரம். சூதாட அனுமதி என்று எந்த நீதிமன்றமும் எழுதித் தராது.

இனி மனு. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் 'சூதாட்டத்தை ஒழிக்க ஆவன செய்ய வேண்டும்' என்று எழுதினால் அது அதே காவல் நிலையத்துக்கே திரும்பும். மனுதாரர் பெயர் சாயங்காலத்துக்குள் மன்றத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயமும் நியாயமானது. வேறுவிதமாகக் கேளுங்கள். சங்கங்கள் சட்டத்தின் 36-வது பிரிவில் பதிவாளர் தாமாகவோ, நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோரோ உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ கேட்டோ, மாவட்ட ஆட்சியர் கேட்டுக்கொண்டோ சங்கத்தின் செயல்பாட்டையும் நிதிநிலையையும் விசாரிக்கலாம். ஊர்க்காரர்களுக்குத் திறந்திருக்கும் கதவு இதில் கடைசியாகச் சொன்ன வழி. 'இன்ன பதிவு எண் கொண்ட சங்கத்தின் மீது 36-வது பிரிவின் கீழ் விசாரணை நடத்த மாவட்டப் பதிவாளருக்கு எழுத வேண்டும்' என்ற ஒரே வரி போதும். தன் இடத்தில் சட்டவிரோதச் செயலுக்கு இடம் கொடுத்த சங்கத்தின் பதிவை ரத்து செய்யவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

மனுவுக்கு முன் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கோப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். கடைசி மூன்று வருடக் கணக்கு, படிவம் 7, துணை விதிகள், விலாச மாற்றம் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். போலீஸ் விசாரணை பற்றி ஒரு வார்த்தை சேர்த்தால் 'விசாரணை நிலுவையில்' என்று மொத்தமாகத் தட்டிக்கழிக்க இடம் கிடைக்கும். தனியாகக் கையெழுத்துப் போடாமல் பத்துப் பேராகப் போடுங்கள். மன்றம் களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில் பாறசாலைப் பக்கம் இருந்தால் மேலே சொன்ன தமிழ்நாட்டுச் சட்டம் எதுவும் பொருந்தாது. அங்கே சங்கப் பதிவுக்கு 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம், சூதாட்டத்துக்கு 1960-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம். இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப்பட்ட கைதுச் செய்தி வரும்போது, பிடிபட்ட கூலித் தொழிலாளிகளின் பெயரும் வயதும் போடுவதற்குப் பதிலாக, அந்த மன்றத்தின் பதிவு எண், கடைசியாகக் கணக்குத் தாக்கல் செய்த ஆண்டு, பதிவாளர் கோப்பில் உள்ள நிர்வாகிகள் ஆகிய மூன்றையும் உங்கள் நிருபர்கள் கேட்டு வாங்கிப் போட வேண்டும். பதிவாளர் அலுவலகத்தில் அரை நாள் வேலை.

இப்படிக்கு,
ஊர் மன்றங்களின் கணக்கும் பதிவேடும் பார்ப்போர் சிலர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.